காப்பி சொல்ற வீடு

— அந்த ஃபோன இப்படி முறைச்சுப் பார்த்தா அது பயந்துபோய் அடிச்சிடுமா?

— கொஞ்சம் சும்மா இரு. மணி ஒண்ணு ஆகப் போகுது. இன்னும் ஒரு மணி நேரம்தான்.

— ரெண்டு மணிக்கு ஸ்டாண்ட்பை முடிஞ்சதும் என்கிட்ட மனுஷனா பேசுவீங்களா?

— ரெண்டு மணி வரைக்கும் நான் கம்பெனி பைலட், கூப்பிட்டா உடனே பறக்க ஓடணும். ரெண்டு மணி ஒரு நிமிஷத்துல இருந்து உன் புருஷன்.

— நல்லா இருக்கே கதை. காலைல ஆறு மணிக்கு அந்த நாற்காலில உக்காந்தவர்தான், ஆணி அடிச்ச மாதிரி இருக்கீங்க. குளிக்கப் போனப்பகூட ஃபோன பிளாஸ்டிக் பைல போட்டு எடுத்துட்டுப் போனீங்க. நான் ஒருத்தி வெளியில இருக்கேனே, அடிச்சா கூப்பிட மாட்டேனா?

— ஏன்னு உனக்குத் தெரியாதா? இந்த மாசம் ரெண்டு தடவ கூப்பிட்டு நான் எடுக்கல. மூணாவது தடவயும் எடுக்கலைன்னா அவ்வளவுதான்.

— லெட்டர் வரும். தெரியும்.

— லெட்டரெல்லாம் சின்னப் பசங்களுக்கும்மா. அம்பத்தெட்டு வயசு பைலட்டுக்கு பூச்செண்டு வரும், ஒரு கடிகாரம் வரும். “ரொம்ப நாள் உழைச்சிட்டீங்க சார்”னு சொல்லி எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுவாங்க. அந்தக் கைதட்டல் எனக்கு வேணாம்.

— முப்பத்தொரு வருஷத்துல ஒரு ஃபோன தவற விட்டவர் இல்ல நீங்க. பல்லு பிடுங்குற நாற்காலில வாயத் திறந்துகிட்டே “வர்றேன்”னு சொன்ன ஆளு. அன்னிக்கு மட்டும் எப்படித் தவறிச்சு?

— தூங்கிட்டேன்.

— தலைமாட்டுல கெடந்து அலறுது. அடுப்படில இருந்த நானே கரண்டியோட ஓடி வந்தேன். நீங்க ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு அசையல.

— அசதி. அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டேன். விடு.

— ரெண்டாவது தடவயும் அசதிதானா?

— விடுன்னேன்ல.

— விட்டுட்டேன். பெரியவளும் மாப்பிள்ளையும் நாலு மணி வண்டில வர்றாங்க. ரெண்டு மணிக்கு மேல ஃபோன் வராதுன்னு ஆயிட்டா, நீங்கதான் போய் கூட்டிட்டு வரணும். காப்பியா?

— காப்பி. நாலு மணி, ஸ்டேஷன், ரெண்டு பேர்.

— இத வேற ஒருத்தர் கேட்டா என்ன நினைப்பாங்க? எங்கம்மா நம்ம வீட்டுக்கு மொத மொத வந்தப்ப, எது சொன்னாலும் “காப்பி, காப்பி”ன்னீங்க. பாவம், மாப்பிள்ளை கேக்குறாரேன்னு ஒரே நாள்ல ஆறு டம்ளர் போட்டுக் குடுத்தாங்க.

— ஆறையும் நான் மறுக்காம குடிச்சேன்ல? அங்க மேல பறக்கும்போது ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர் “காப்பி”, அதாவது கேட்டு வாங்கிக்கிட்டேன்னு வாயால சொல்லியாகணும். சொல்லலைன்னா காதுல விழலைன்னு அர்த்தம். வீட்லயும் அந்தப் பழக்கம் இருக்கப் போய்தான், “நான் சொன்னேன், நீ சொல்லவே இல்ல”ன்னு நமக்குள்ள ஒரு நாள் சண்டை வந்ததில்ல.

— ஆமா, வந்ததெல்லாம் வேற சண்டை. இருங்க, மெஷின போட்டுட்டு வந்துடுறேன்.

— இப்பப் போய் எதுக்கு? ஃபோன் வர்ற நேரத்துல...

— விருந்தாளி வர்றாங்க, விரிப்பெல்லாம் துவைக்க வேணாமா? ரெண்டே நிமிஷம்.

— ஏய், இது என்ன சத்தம்! இந்த மெஷின ஜன்னலோரம் வச்சதே தப்பு. என்ஜின் ஸ்டார்ட் பண்ற மாதிரி இருக்கு.

— பழகின சத்தம்தானே உங்களுக்கு. நகருங்க, நான் இப்படி உக்காருறேன்.

— அங்க ஏன்? சுத்திட்டு இந்தப் பக்கம் வாயேன். ஜன்னல் காத்து வரும்.

— காத்தோட மெஷின் சத்தமும் வரும். கல்யாணம் ஆன நாள்ல இருந்து உங்க வலது பக்கம்தான் உக்காந்திருக்கேன். இன்னிக்கு என்ன புதுசா?

— சரி, சரி, உக்காரு.

— உக்காந்தாச்சு. உங்க கறுப்பு ஷூவுக்குப் பாலிஷ் போடலாம்னு காலைல கையில எடுத்தேன்.

— ஒண்ணு அஞ்சு.

— ஷூங்க. கறுப்பு ஷூ. அலமாரிக்குக் கீழ இருந்தது.

— அந்த டியூட்டி போடுற டெஸ்க் பையன் ஒண்ணரைக்குள்ள கூப்பிட்டான்னா மூணு மணிக்கு ஏர்போர்ட்ல ரிப்போர்ட்டிங். கார்ல அரை மணி. எல்லாம் சரியா இருக்கும். ஏம்மா, சட்டை இஸ்திரி ஆச்சா?

— ஆச்சு.

— சட்டையக் கேட்டேன்.

— ஆச்சுங்க.

— அட, இஸ்திரி போட்டாச்சா இல்லையா? ஒரு வார்த்தை சொன்னா என்ன?

— ஆச்சுன்னு சொன்னேன்!

— அதுக்கு எதுக்குக் கத்துற? மனுஷன் இருக்குற இருப்புல...

— தப்புதான். இனிமே மெல்லப் பேசுறேன். நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடலாம்னு இருக்கேன். திரும்பி வர்றதா இல்ல.

— ம்.

— பெட்டியெல்லாம் கட்டிட்டேன்.

— ம்... இந்தப் புதுக் கையேட்டுல எழுத்த எவ்வளவு பொடியா போட்டிருக்கான் பாரு. படிக்கிறதுக்குள்ள பொழுது விடிஞ்சிடும்.

— ...பெரியவ காலைல ஃபோன் பண்ணா. ரெண்டு கோடு வந்திருக்காம். டாக்டரும் பார்த்து உறுதியா சொல்லிட்டாங்களாம். அஞ்சு வருஷம் அழுதா நம்ம பொண்ணு. நேர்ல வந்து அப்பாகிட்ட நான்தான் சொல்லுவேன், நீ வாயத் திறக்கக் கூடாதுன்னா. எனக்குத்தான் இருப்புக் கொள்ளல.

— பாட்டரி எண்பத்தேழு காட்டுது. சார்ஜர எங்க வச்ச?

— உங்களத்தாங்க. பேரனோ பேத்தியோ வரப் போகுது உங்களுக்கு.

— வெள்ளை ஒயர் சார்ஜர். இங்கதானே கெடந்தது?

— இருங்க. எடுத்துட்டு வர்றேன்.

— எங்க எந்திரிச்சுப் போற? சார்ஜர் எங்கன்னுதான் கேட்டேன்.

— இந்தாங்க. உங்க மூக்குக்கு முன்னாடிதான் இருந்துச்சு, மேசைக்கு அந்தாண்ட. நான் இப்படியே எதிர்ல நிக்கிறேன், கால் மரத்துப் போச்சு.

— ஏன் கண்ணெல்லாம் சிவந்து கெடக்கு?

— சோப்புத் தூள் பட்டுடுச்சு.

— தண்ணி விட்டுக் கழுவு. தேய்க்காத.

— கழுவுறேன். முந்தாநாள் கடைத்தெருவுல யாரப் பார்த்தேன் தெரியுமா? உங்ககூட பறந்த கூட்டாளி, சர்க்கரைன்னு கூப்பிடுவீங்களே, அவரோட வீட்டம்மாவ.

— ஓ.

— நான் சிரிச்சேன். அவங்க என்னப் பார்க்காத மாதிரி காய் பொறுக்கிட்டு இருந்தாங்க. அவர் வேலை போய் ஒன்பது வருஷமாச்சு. இன்னும் ஆறல.

— அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? ரத்தத்துல சர்க்கரை ஏறிப் போய், மருந்து ஊசி போட்டுக்கிட்டு, அத யாருக்கும் சொல்லாம ஓட்டிட்டு இருந்தான். ஒரு நாள் மேல இருக்கும்போதே கண்ணு சொருகி உக்காந்துட்டான். பக்கத்துல நான் இருந்ததால தப்பிச்சோம். கம்பெனிக்கு எழுதிக் குடுக்காம என்ன பண்ணச் சொல்ற?

— நம்ம கல்யாணத்துல உங்களுக்குத் தோழனா நின்னவரு.

— அதனாலதான் மொதல்ல நேர்ல போய்ச் சொன்னேன், நீயே சொல்லிடுடான்னு. ஒரு வாரம் டைம் குடுத்தேன். சொல்லல.

— அன்னிக்கு ராத்திரி நீங்க என்கிட்ட ஒண்ணு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?

— ஆயிரம் சொல்லியிருப்பேன்.

— “உடம்ப மறைக்கிறவன், பின்னாடி உக்காந்திருக்கிற அத்தனை பேர்கிட்டயும் பொய் சொல்றான்”னீங்க. சாப்பிடாம எந்திரிச்சுப் போனீங்க.

— இப்ப எதுக்கு அதெல்லாம்? நான் ஃபோன்ல கவனமா இருக்கும்போதுதான் உனக்குப் பழைய குப்பையக் கிளறணும்.

— கிளறல. ஞாபகம் வந்தது, சொன்னேன். என் நாற்காலிக்கே போறேன்.

— ஒண்ணு முப்பது.

— ஏங்க, இன்னிக்கு ஃபோன் வராம இருக்கட்டும்னு நான் வேண்டிக்கிட்டு இருக்கேன்.

— ஒண்ணு முப்பத்தொண்ணு. இந்தக் கையேட்டுல பதினாலாவது பக்கத்தக் காணோம் பாரு.

— கடவுளே.

— இதோ! லைட் எரிஞ்சுடுச்சு! பேசாத, பேசாத. ஸ்பீக்கர்ல போடுறேன். ஹலோ, சொல்லுங்க.

— கேப்டன் சார், வணக்கம், ரோஸ்டர் டெஸ்க்ல இருந்து. தப்பா எடுத்துக்காதீங்க சார், இந்தப் பேச்சு பதிவாகுதுன்னு ஒவ்வொரு தடவயும் சொல்லணும்னு விதி.

— எனக்குப் பழகின விதிதான் தம்பி. சொல்லுங்க.

— மொத ரிங்லயே எடுத்துட்டீங்க. எனக்கு உசுரே வந்துச்சு சார். நாலு மணி ஃப்ளைட் கேப்டன் வீட்டுப் படியில வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கிப் போச்சு. உங்களுக்குப் பின்னாடி லிஸ்ட்ல ஒரே ஒருத்தர்தான் இருக்கார், அவரும் ஊருக்கு அந்தக் கோடில.

— எத்தனை பேர்?

— நூத்தி எழுபத்தெட்டு பேர் சார். போய் இறங்குற எடத்துல மழை, பக்கக் காத்தும் இருக்கு. உங்களுக்கு அதெல்லாம் தண்ணி பட்ட பாடு.

— வலது சீட்ல, கோ-பைலட் யாரு?

— புதுப் பொண்ணு சார். டிரெய்னிங் முடிச்சு, பயணிகளோட பறக்க லைனுக்கு வந்து நாலு நாள்தான் ஆச்சு. கை சுத்தம், பிரமாதமா ஓட்டுது. ஆனா, தப்பா எடுத்துக்காதீங்க, குரல்தான் இல்ல. பெரியவங்ககூட உக்காந்தா பயம். மெல்ல ஒரு தடவ சொல்லும், அதோட “சார் கேட்டிருப்பார்”னு விட்டுடும்.

— பரவாயில்ல. நான் பார்த்துக்கிறேன்.

— நீங்கன்னதும் அந்தப் பொண்ணுக்கு ஒரே சந்தோஷம் சார். டிரெய்னிங்ல “காப்பி” பாடம் எடுத்தவர்கூட பறக்கப் போறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கு. சரி சார், கடைசியா அந்தக் கேள்வி. இன்னிக்குப் பறக்குற உடல் தகுதில இருக்கீங்களா? ஃபிட்டா, அன்ஃபிட்டா?

— ஏங்க, ஒரு நிமிஷம் இருங்க.

— ஃபிட்.

— பதிவாயிடுச்சு சார். கார் ஒண்ணு அம்பத்தஞ்சுக்கு உங்க வாசல்ல நிக்கும். வச்சிடுறேன்.

— பார்த்தியா! கூப்பிட்டுட்டான்! இருபத்தஞ்சு நிமிஷம் மிச்சம் இருக்கும்போது கூப்பிட்டான் பாரு. சட்டையக் குடு. பெரியவள நீ போய் கூட்டிட்டு வந்துடு. நாளைக்கு மதியம் நான் வந்ததும் எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம். என்ன எதிர்ல வந்து மறிச்சுக்கிட்டு நிக்கிற?

— ஷூவ நான் எடுத்துட்டு வர்றேன்.

— ஷூவா? வேணாம், வேணாம். ஷூவ நானே எடுத்துக்கிறேன்.

— ஏன், நான் எடுத்தா உள்ள இருக்கிறது கொட்டிடுமா?

— ...உள்ள என்ன இருக்கு?

— இதோ என் கையில இருக்கு. இந்தக் குட்டி பாட்டில். இடது கால் ஷூவுக்குள்ள காலுறைய சுருட்டி, அதுக்குள்ள வச்சிருந்தீங்க.

— அது ஜலதோஷத்துக்கு வாங்கினது.

— ஜலதோஷத்துக்குக் காதுல விடுற சொட்டு மருந்தா? நல்லா இருக்கே கதை.

— எப்பப் பார்த்த நீ?

— காலைல. பாலிஷ் போட எடுத்தப்ப. உங்ககிட்ட சொன்னேனே.

— எப்பச் சொன்ன? சொல்லவே இல்ல.

— ரெண்டு தடவ சொன்னேன். இந்த நாற்காலில உக்காந்து. கறுப்பு ஷூவ கையில எடுத்தேன்னு சொன்னேன், அலமாரிக்குக் கீழ இருந்ததுன்னு சொன்னேன். உள்ள பாட்டில ஒளிச்சு வச்சிருக்கிற மனுஷன் அதக் கேட்டா பதறி எந்திரிச்சிருக்கணும். நீங்க மணி சொன்னீங்க.

— கவனிக்கல. ஃபோன் மேலதான் கண்ணு.

— தங்கச்சி வீட்டுக்குப் போறேன், திரும்பி வர மாட்டேன், பெட்டி கட்டிட்டேன்னு சொன்னேன். “ம்”னீங்க. என்னோட முப்பது வருஷத்துக்கு ஒரு “ம்”.

— நீயா? எப்ப?

— சட்டை இஸ்திரி ஆச்சான்னு மூணு தடவ கேட்டீங்க. மூணு தடவயும் பதில் சொன்னேன். மூணாவதுதான் உங்களுக்கு வந்து சேர்ந்தது. அதுக்கும் எதுக்குக் கத்துறேன்னு கோவிச்சுக்கிட்டீங்க.

— அந்த மெஷின் போடுற சத்தத்துல யாருக்குத்தான் கேக்கும்?

— போய் மெஷினத் திறந்து பாருங்க.

— என்ன?

— திறந்து பாருங்கங்க. உள்ள ஒரு கைக்குட்டைகூட இல்ல. வெறும் தண்ணிதான் சுத்துது. இடது பக்கம் சத்தம், வலது பக்கம் நான். அங்க மேல ஓட்டும்போது எப்படி இருக்குமோ அப்படியே வச்சுப் பார்த்தேன்.

— ...நீ என்னையே சோதனை பண்ணியா?

— பண்ணேன். தப்பா இருந்தா உங்க காலப் பிடிச்சு மன்னிப்புக் கேக்கலாம்னுதான் பண்ணேன். என்னிக்கு ஆச்சு?

— மூணு வாரம். சளியோட பறந்தேன். இறங்கும்போது உள்ள டொப்புன்னு ஒண்ணு உடைஞ்ச மாதிரி. அன்னில இருந்து வலது காது பஞ்சு வச்சு அடைச்ச மாதிரி இருக்கு. சரியாயிடும்னு பார்த்தேன். நாளைக்கு, நாளைக்குன்னு...

— இடது காதத் தலகாணில அழுத்திப் படுத்தா ஃபோன் அடிக்கிறது எப்படிக் கேக்கும்? ரெண்டு தடவயும் அதானே?

— அதான்.

— டாக்டர்கிட்ட போனீங்களா?

— போனா எழுதுவாங்க. எழுதினா தரையிறக்கிடுவாங்க. இந்த வயசுல ஒரு தடவ தரையில உக்கார வச்சா, அப்புறம் எவனும் தூக்கி விட மாட்டான். எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு? ஒரு பல்பு மாட்டத் தெரியுமா? உன்கூட கடைக்கு வந்தா தள்ளுவண்டிய இடிக்கிறேன். அந்தச் சீட்ல உக்காந்தாதான் நான் ஆளு.

— எனக்குத் தெரியாதாங்க?

— அப்படி ஒண்ணும் ஆபத்து இல்லம்மா. ஹெட்செட் இருக்கு. இடது காதுல எல்லாம் தெளிவா வருது.

— நம்ம வீட்டுல இருக்கிற போட்டோ எல்லாத்துலயும் ஹெட்செட்டோட வலது பக்கத்தக் கழட்டித்தான் விட்டிருக்கீங்க. கேட்டதுக்கு, “வலது பக்கத்து ஆளோட குரல வெறுங்காதால கேக்கணும், அதுல பயம் இருந்தா தெரியும்”னு எனக்குப் பாடம் எடுத்தவரு நீங்க.

— இன்னிக்கு மாட்டிக்கிறேன். ரெண்டு காதுலயும் மாட்டிக்கிறேன்.

— இந்த மூணு வாரத்துல நாலு தடவ போயிட்டு வந்தீங்களே, ஒண்ணும் நடக்கலையா?

— ஒண்ணும் நடக்கல.

— என் முகத்தப் பார்த்துச் சொல்லுங்க.

— ...போன வாரம். இறங்கும்போது வலது சீட்ல இருந்த பையன், வேகம் ஜாஸ்தியா இருக்குன்னு சொல்லியிருக்கான். நான் பதில் சொல்லல. மறுபடி சொல்லியிருக்கான். மூணாவதுக்கு என் தோளப் பிடிச்சு உலுக்கினான்.

— அப்புறம்?

— சரி பண்ணிட்டேன். இறங்கினோம். கீழ வந்ததும் “சார், ரொம்ப ஆழ்ந்து யோசிச்சுட்டு இருந்தீங்க போல”ன்னான். மரியாதைக்காரப் பையன். எனக்கு அன்னிக்கு ராத்திரி கண்ணு மூடல.

— அந்தப் பையன் தோளப் பிடிச்சான். இன்னிக்கு வர்ற பொண்ணு பிடிக்குமா? லைனுக்கு வந்து நாலு நாள். நீங்க அதுக்குச் சாமி மாதிரி. உங்க தோளத் தொட அதுக்குக் கை வருமா?

— ஃபிட்டுன்னு சொல்லிட்டேன். பதிவாயிடுச்சு. இப்ப மாத்திச் சொன்னா நாலு பயணத்தையும் தோண்டுவாங்க. சர்க்கரைக்கு ஆனது எனக்கும் ஆகும். அவன் கேள்விப்பட்டா என்ன சொல்லுவான்? ஊரே சிரிக்கும்.

— சிரிக்கட்டும்.

— உனக்கென்ன, சொல்லிடுவ.

— எனக்கென்னவா? ஒவ்வொரு தடவயும் நீங்க கிளம்பினதும் கதவச் சாத்திட்டு நான் என்ன பண்ணுவேன்னு தெரியுமா உங்களுக்கு? நீங்க இறங்கியாச்சுன்னு செய்தி வர்ற வரைக்கும் வாய்ல பச்சத் தண்ணி படாது. முப்பது வருஷமா. ஒரு நாள் சொல்லிக் காட்டியிருக்கேனா?

— ...சட்டையக் குடும்மா. நேரமாகுது.

— கொக்கில மாட்டியிருக்கு, போட்டுக்கங்க. போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. பெரியவளப் பத்தியும் ஒரு விஷயம் சொன்னேன். என்ன சொன்னேன்?

— நாலு மணி வண்டில வர்றா. காப்பி சொன்னேனே.

— அது மெஷின் போடுறதுக்கு முன்னாடி. அதுக்கப்புறம் சொன்னேன்.

— அப்புறம் என்ன? அவளுக்கு என்ன?

— மத்ததெல்லாம் சோதனைக்குச் சொன்னேன். இதச் சோதனைக்குச் சொல்லல. என்ன அறியாம வாயில வந்துடுச்சு. ரெண்டு தடவ சொன்னேன். நீங்க சார்ஜர் கேட்டீங்க.

— உடம்புக்கு ஏதாவதா? மாப்பிள்ளைகூட சண்டையா? அதான் கண்ணு சிவந்திருந்துச்சா? சொல்லித் தொலையேன்!

— சொல்லிட்டேங்க. உங்க வலது பக்கத்துல இருந்து சொல்லிட்டேன். நான் உங்க பொண்டாட்டி, அதனால எதிர்ல வந்து நின்னு கத்துறேன். அந்தப் பொண்ணு ஒரு தடவதான் சொல்லும். கார் ஹாரன் அடிக்குது. ஜன்னல் பக்கம்தான், கேட்டிருக்கும். பெட்டிய எடுத்துட்டுப் போங்க. நான் மறிக்கல.

— ஃபோன எடு.

— எதுக்கு?

— எடும்மா. ஹலோ, தம்பி, நான்தான்.

— சார், கார் வந்துடுச்சே. டிரைவர் இப்பத்தான் சொன்னான்.

— இந்தப் பேச்சும் பதிவாகுதா?

— ஆகுது சார்.

— நல்லது. கொஞ்ச நேரம் முன்னாடி ஃபிட்டுன்னு சொன்னேன். அது பொய். நான் அன்ஃபிட். வலது காது கேக்கல. மூணு வாரமாச்சு. நடுவுல நாலு தடவ பறந்திருக்கேன். எழுதிக்கங்க.

— சார்... தப்பா எடுத்துக்காதீங்க, திடீர்க் காய்ச்சல்னு போட்டுடட்டுமா? அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க. நான் வேற ஃபோன்ல கூப்பிடுறேன், இருங்க.

— வேணாம். இதே ஃபோன்லதான். நான் சொன்னதத் திருப்பிச் சொல்லுங்க.

— சார், உங்க சர்வீஸ்...

— திருப்பிச் சொல்லுங்க தம்பி.

— வலது காது கேக்கல. மூணு வாரம். நாலு பயணம். கேப்டன் அன்ஃபிட்.

— சரிதான். அந்தக் கோடில இருக்கிறவர உடனே கூப்பிடுங்க. இந்தக் காரையே அவர் வீட்டுக்கு அனுப்பிடுங்க, நேரம் மிச்சமாகும்.

— சரி சார். அந்தப் பொண்ணுகிட்ட என்ன சார் சொல்லட்டும்?

— சத்தமாப் பேசச் சொல்லுங்க. பக்கத்துல யார் உக்காந்திருந்தாலும் சரி, பதில் வர்ற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருக்கணும். பதில் வரலைன்னா தோளப் பிடிச்சு உலுக்கணும். நான் சொன்னேன்னு சொல்லுங்க.

— காப்பி சார்.

— வச்சுட்டான்.

— உக்காருங்க.

— முப்பத்தொரு வருஷம்மா. ஒரு நிமிஷத்துல முடிஞ்சு போச்சு.

— இருங்க, அந்த மெஷின நிறுத்திட்டு வர்றேன்.

— நிறுத்திட்டு இந்தப் பக்கம் வந்து உக்காரு. இடது பக்கம். பெரியவளுக்கு என்னன்னு மொதல்ல சொல்லு.

— பயப்படுற விஷயம் இல்ல. ஆனா, அவளே நேர்ல சொல்லணும்னு ஆசைப்பட்டா. அவ வந்து சொல்லும்போது மொத தடவ கேக்குற மாதிரி நீங்க நடிக்கணும்.

— நடிக்கிறேன். மூணு வாரமா அதத்தானே பண்றேன்.

— இதோ உக்காந்துட்டேன். இங்க கேக்குதா?

— நல்லாக் கேக்குது. சொல்லு.

— நீங்க தாத்தா ஆகப் போறீங்க. காப்பி சொல்லுங்க.

— கேட்டுச்சு. இன்னொரு தடவ சொல்லு.